மூன்றாம் பத்துக்கு ஒரு திரை

பெரியவனே, நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. இங்கே நலம் இல்லை. அங்கே நலம் என்பது நீ அனுப்பும் படங்களிலேயே தெரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னாய். கூடத்து மேசைமேல் வரிசையாக நிற்கும் மானிட்டர்களைப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, கண்ட்ரோல் ரூம் மாதிரி இருக்குது? எதுக்கு மூணு? ஷேர் மார்க்கெட் கீர்க்கெட்னு எறங்கிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன். அதற்குள் உனக்கு இன்னொரு போன் வந்துவிட்டது. அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதியிருப்பேன். ஆனால் நான் எவ்வளவு எழுதினாலும் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாதில்லையா, அதனால் இப்படி.

அம்மாவுக்கு மறதி என்று உனக்குத் தெரியும். எவ்வளவு மறதி என்று தெரியாது. குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்ட காலமெல்லாம் போயே போய்விட்டது. காய் வாங்கப் போனவள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் செஞ்சி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தாள். செஞ்சியில் நமக்கு யார் இருக்கிறார்கள்? புதுச்சேரியில் பார்த்த டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "ஐயா, இது போய்க்கினேதான் இருக்கும். திரும்பி வராது. மாத்திரை குடுத்தா கொஞ்சம் மெதுவா போவும், அவ்வளவுதான்." அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்போது இல்லை. அவர் சொன்னபடியேதான் எல்லாம் நடக்கிறது. கேஸ் அடுப்பு மறந்தது, கடிகாரம் பார்ப்பது மறந்தது, தெருப் பெயர் மறந்தது. மறக்காமல் நின்றது சாயங்கால செபமாலை ஒன்றுதான்.

நம் வீட்டு வழக்கம் உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். செபமாலைக்குப் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து, வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு பத்து. முதல் பத்து என்னுடையது, இரண்டாவது அம்மாவுடையது, மூன்றாவது உனக்கு, நான்காவது ஜெசிக்கு, ஐந்தாவது சின்னவன் அமலுக்கு. ஒருவர் முன்பாதி சொல்ல, மற்றவர்கள் பின்பாதி சொல்ல வேண்டும். நீ கோயிலில் முதல் நற்கருணை, புதுநன்மை வாங்கிய அன்று அம்மா உன்னை முழங்காலில் உட்கார வைத்து, "இன்னைலருந்து மூணாவது உன்னுது. நீ சொன்னாத்தான் சொன்ன மாதிரி. வேற யாரும் எடுத்துக்க மாட்டாங்க" என்றாள். நீ மணிகளை விழுங்கிவிட்டு ஓடப் பார்ப்பாய். கண்ணை மூடிக்கொண்டே, "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுடா, கள்ளா" என்பாள். எப்படித்தான் பிடிப்பாளோ. நான் ஒலக்கூர் பக்கம் கரண்டு லைன் அறுந்தது என்று கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்த நாட்களில்கூட என் பத்தை எடுத்து வைத்திருப்பார்கள். எந்நேரம் வந்தாலும் கைகால் கழுவிவிட்டு அதைச் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு. நீங்கள் மூவரும் வெளியூர் போன பிறகு உங்கள் பத்துகளை நாங்கள் இரண்டு பேரும் பங்கு போட்டுச் சொன்னோம். அப்போது அவளுக்கு எல்லாம் புரிந்தது, அதனால் ஒத்துக்கொண்டாள்.

நோய் வந்த பிறகு ஒத்துக்கொள்ளவில்லை. தன் பத்தை முடித்துவிட்டு நிறுத்திவிடுவாள். "பெரியவன் சொல்லட்டும்" என்பாள். அவன் கனடாவில் இருக்கிறான் என்றால், "வரட்டும், இருக்கலாம்" என்பாள். செபத்தைப் பாதியில் விட்டுச் சாப்பிட மாட்டாள், படுக்க மாட்டாள். செபமாலையைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சரி, போனிலேயே உங்கள் மூவரையும் கூப்பிட்டுக் காட்டலாம் என்று பார்த்தேன். அது வேறு பேஜாரு. ஆளாளுக்கு ஒரு கட்டம், பேசுகிற ஆளின் கட்டம் பெரிசாகும், மற்றது ஓரம் போகும். மஸ்கட்டிலிருந்து ஜெசி இருமினால் அவள் முகம் நடுவில் வந்து நிற்கும், சிங்கப்பூரில் அமல் நாற்காலியை நகர்த்தினால் அவன் வந்துவிடுவான். அம்மா பயந்துபோனாள். "ஏன் இதுங்க இப்பிடி ஓடுதுங்க? செப நேரத்துல ஒரு எடத்துல குந்த மாட்டாங்களா?" என்று போனையே கவிழ்த்து வைத்துவிட்டாள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: ஆளுக்கு ஒரு திரை, ஆளுக்கு ஓர் இடம், யாரும் நகரக் கூடாது. முன்பு நீங்கள் வரிசையாக முழங்கால் போட்ட அதே வரிசையில்.

இனி என் அறிவாளித்தனத்தைக் கேள். காலமெல்லாம் கம்பத்தில் ஏறி இறங்கியவன் நான். ஒரு கம்பத்திலிருந்து மூன்று வீட்டுக்கு சர்வீஸ் இழுப்பது எனக்கு வெற்றிலை போடுகிற வேலை. கம்ப்யூட்டரும் அப்படித்தானே என்று நினைத்தேன். நீ விட்டுப் போன பழைய லேப்டாப்பின் பக்கவாட்டில் ஓர் ஓட்டை. அதில் செருகுவதற்கு ஒரு பெட்டி, ஒரு பக்கம் உள்ளே போகும், மூன்று பக்கம் வெளியே வரும். அதை வாங்கி, மூன்று மானிட்டரையும் வாங்கி மாட்டி, அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஜெசியைக் கூப்பிட்டேன். மூன்றிலும் ஜெசி வந்தாள். அமலைச் சேர்த்தேன், மூன்றிலும் இரண்டு பேரும் பாதிப் பாதியாக வந்தார்கள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஐயய்யோ, ஒருத்திய கட்டிக் குடுக்கவே நான் பட்ட பாடு போதாதா? இன்னும் ரெண்டு ஜெசியா?" என்றாள். அங்கே ஜெசி சிரித்துச் சிரித்து அழுதாள். நான் அந்தப் பெட்டியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வேலையில் எனக்கு அப்படி ஒரு அவமானம் வந்ததில்லை.

லேப்டாப்பையும் பெட்டியையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் போனேன். அங்கே சாதிக் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். பெட்டியைப் பார்த்ததுமே, "இத யாரு சார் உங்க தலையில கட்டினது?" என்றார். நானேதான் கட்டிக்கொண்டேன் என்றேன். "சார், கரண்டு வேற, படம் வேற. கரண்ட எத்தினி வீட்டுக்கு வேணாலும் பிரிச்சு உடலாம். இந்தப் பெட்டி ஒரே படத்த மூணு ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கும், அவ்வளவுதான். மூணுலயும் வேற வேற படம் வேணும்னா, கம்ப்யூட்டருக்கு உள்ளயே மூணு தனி வழி இருக்கணும். உங்க லேப்டாப்ல அது கெடையாது. புதுசாத்தான் பார்க்கணும்" என்றார். அவர் காட்டிய மெஷின்களின் முதுகுப் பக்கத்தையெல்லாம் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ அந்தத் தொழிலில் இருக்கிறவன், எது சரி என்று நீ சொல்லு என்று எழுதினேன். கட்டைவிரல் வந்தது. எந்த மெஷினுக்குக் கட்டைவிரல் என்று தெரியாமல் கடை வாசலில் நின்று டீ குடித்துவிட்டு மறுபடியும் உள்ளே போய், சாதிக் கைகாட்டியதையே வாங்கினேன். அந்தப் படங்களை அனுப்பியதே இப்போது உனக்கு மறந்திருக்கிறது. அம்மாவுக்கு மட்டும்தான் மறதி என்று சொல்கிறோம்.

அப்பன் மகனுக்குப் புத்தி சொல்லாமல் கடிதம் எழுதக் கூடாதாம், ஆகவே சொல்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கும்போது முகத்தைப் பார்க்காதே, முதுகைப் பார். பளபளவென்று விளக்கு எரிகிற பெட்டியெல்லாம் பின்னால் ஒரே ஓட்டையோடு நிற்கும். பின்னால் நாலு ஓட்டை இருந்தாலும் அதை நம்பாதே. ஒரே நேரத்தில் எத்தனை திரை எரியும் என்று வாய்விட்டுக் கேள். ஓட்டை இருப்பது வேறு, அத்தனையும் சேர்ந்து வேலை செய்வது வேறு. படத்துக்கென்று தனி கார்டு போட்டிருந்தால் எல்லா ஒயரையும் அந்த கார்டில்தான் செருக வேண்டும். பக்கத்தில் சும்மா இருக்கிற ஓட்டையில் செருகிவிட்டு, திரை இருட்டாக இருக்கிறது என்று நான் அரைநாள் சாதிக்கைத் திட்டினேன். மூன்று திரையும் ஒரே உயரமாக இருக்கட்டும், ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக இருந்தால் அம்மாக்கள் ஓரவஞ்சனை என்பார்கள். நம் ஊர் கரண்டுக்கு யூபிஎஸ் இல்லாமல் எதையும் வாங்காதே. இதை லைன்மேன் சொல்கிறேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், எனக்கே நீ சொல்லியிருக்க வேண்டியது. ஆனால் உனக்கும் ஒரு நாள் தேவைப்படும். உன் பையன் வளர்வான், எங்கேயாவது போவான். உனக்கு ஒரே பிள்ளை, ஒரு திரை போதும். லேப்டாப்பிலேயே காலம் தள்ளிவிடலாம்.

நான் திட்டியதைக் கேட்டுவிட்டு சாதிக் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் சரியாக மாட்டிக் கொடுத்தார். ஒரே அழைப்பை மூன்று சன்னலாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு முகத்தை மட்டும் நிறுத்தி, யார் இருமினாலும் யாரும் நகராதபடி செய்தார். முதல் நாள் நீங்கள் மூவரும் வந்தீர்கள். அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு இடமிருந்து வலம் பார்த்தாள், மூத்தது, நடுவுலது, கடைசி. "இப்பத்தான் ஒழுங்கா குந்தினு இருக்குதுங்க" என்றாள். இங்கே விளக்கு வைக்கிற நேரம், உனக்கு ஆபீஸ் கிளம்புகிற நேரம். நீ ரொட்டியைக் கடித்துக்கொண்டே மூன்றாம் பத்தை எடுத்தாய். "எச்சி வாயோட சொல்லாதடா. மொதல்ல முழுங்கு" என்று அதட்டினாள். உன் பையன் ஓடி வந்து எட்டிப் பார்த்தான். அம்மா அவனை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அவனும் கையாட்டினான். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். நான் மாடிக்குப் போய் கொஞ்ச நேரம் தனியாக நின்றுவிட்டு வந்தேன். மனிதனுக்குச் சந்தோஷம் வந்தால் எங்கே வைப்பது என்று தெரியாமல் போய்விடுகிறது.

அந்த வாரம் முழுக்க வந்தாய், உன் பக்கத்தில் எங்கள் முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும், திரைகள் தெரிந்திருக்காது. பிறகு கேமராவை மூடிக்கொண்டு குரல் மட்டும் வந்தது. பிறகு மீட்டிங், பையனின் பள்ளிக்கூட பஸ், பனி. நான் கேட்டபோது, "அம்மாவுக்குத்தான் ஒண்ணும் தெரியலயேப்பா. நான் சொல்றத ரெக்கார்டு பண்ணி அனுப்பிடறேன். டெய்லி அதப் போட்டு உடு" என்றாய். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன், உன்னை மட்டும் குறை சொல்லவில்லை. நீலச் சட்டையில் உட்கார்ந்து அழகாகச் சொல்லியிருந்தாய், ஒரு மணியைக்கூட விழுங்கவில்லை. முதல் திரையில் அதைப் போட்டேன். செபமாலையில் இரண்டு மணி உருண்டிருக்கும், அம்மா பின்பாதி சொல்வதை நிறுத்திவிட்டு, "சாப்டியாடா?" என்றாள். நீ அடுத்த மணிக்குப் போய்விட்டாய். "டேய் பெரியவனே, சாப்டியா?" நீ அடுத்த மணிக்குப் போனாய். அவள் எழுந்து திரைக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியைத் தொட்டு, "அம்மா கேக்கறேன்டா" என்றாள். நீ நேராக அவளைப் பார்த்துக்கொண்டே செபம் சொன்னாய். ஜெசி கேமராவைத் தன் பக்கமிருந்து திருப்பிக்கொண்டாள். அம்மா என்னிடம் வந்து, "என் மேல இன்னாங்க கோவம் அவனுக்கு? நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டாள். ஒரு கோபமும் இல்லை, கேட்கவில்லை போல என்றேன். "இல்ல, கேட்டுச்சு. பார்த்துக்கினேதான் இருந்தான்" என்று அழுதாள். பிறகு ஏன் அழுகிறோம் என்பது மறந்துபோயும் அழுதுகொண்டிருந்தாள். அதை அன்றே அழித்துவிட்டேன். நீ கேட்டபோது ஓடுகிறது என்று சொன்னேன்.

அதன் பிறகு உன் திரை இருட்டுதான். அவள் தன் பத்தை முடித்துவிட்டு அதைப் பார்த்தபடி காத்திருப்பாள். ஜெசியும் அமலும் முடிந்த மட்டும் காத்திருப்பார்கள், பாவம், அவளுக்கு டூட்டி, அவனுக்கு மறுநாள் வேலை. பொறுக்காமல் ஒரு நாள் உன் பத்தை நானே எடுத்தேன். பட்டென்று என் கையில் அடித்தாள். "அது உன்னுது இல்ல. அவன் வந்து கேட்டா இன்னா சொல்லுவே?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து வாங்க போங்க என்று பேசினவள் முதல்முறையாக என்னை நீ என்றாள். எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்தது, உன்மேலும் வந்தது. சோறு ஆறிக்கொண்டிருக்க, அணைந்த மானிட்டருக்கு முன்னால் இரண்டு கிழங்கள் காத்துக் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். இந்தக் காத்திருப்பு எப்போதுதான் தீருமோ என்று சலித்துக்கொண்டேன். அது தீரவே கூடாது என்று வேண்டியிருக்க வேண்டும், எனக்கு அப்போது புரியவில்லை.

போன மாதம் தீர்ந்துவிட்டது. அன்று தன் பத்தை முடித்தாள். நான் வழக்கம்போலச் சுவரில் சாய்ந்தேன். அவள் நிறுத்தாமல் நடுத்திரையைப் பார்த்து, "நீ சொல்லும்மா" என்றாள். ஜெசி என்னைப் பார்த்தாள். "பெரியவன் பாக்கி இருக்குதே" என்றேன் நான். "யாரு?" என்றாள். உன் பேரைச் சொன்னேன். யோசித்தாள், உண்மையாகவே கஷ்டப்பட்டு யோசித்தாள். பிறகு, "ஜல்தியா சொல்லி முடிங்க, பசிக்குது" என்றாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். இப்போதெல்லாம் உன் பத்து வரும்போது நிறுத்துகிறவன் நான்தான், அவள் என்னைத் தட்டி எழுப்புகிறாள், தூங்கிவிட்டேன் என்று நினைத்து. நேற்றுச் செபம் முடிந்ததும் உன் திரையைக் காட்டி, "அந்த டிவி சும்மாதானே கெடக்குது, யாருக்குனா குடுத்துடுங்க. எடத்த அடச்சிக்கினு" என்றாள். சரி என்றேன்.

உன்னை அனுப்பியதற்கு நான் வருத்தப்படவில்லை. படித்தாய், போனாய், போகத்தானே படிக்க வைத்தோம். காலையில் பிள்ளையையும் கிளப்பி, பனியையும் தள்ளி, ஆபீசுக்கும் ஓடுகிறவனுக்கு என்ன நேரம் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? இதைப் படித்துவிட்டு நாளைக்கே நீ கேமரா முன்னால் வந்து உட்காரலாம். வேண்டாம். ஜெசியையும் அமலையும் தாண்டி ஒரு புது முகம் வந்தால் அவளுக்குச் செபம் குழம்பிப்போகும். மழையில் அறுந்த கம்பி என்றால் ஆளனுப்பிக் கட்டிவிடலாம், விடியும்போது வீட்டுக்கு வீடு விளக்கு எரியும். இதில் கட்டுவதற்கு மறுமுனை இல்லை. டாக்டர் சொன்னது நடக்கிறது, இன்னும் நடக்கும். அடுத்தது ஜெசி, அதற்கு அடுத்தது அமல், கடைசியில் நான். நம்பிக்கையாக எதையாவது எழுதி முடிக்கலாம் என்று பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றாய். வா. ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வா. இப்போதெல்லாம் ஆண்பிள்ளைகள் யாராவது வாசலில் நின்றால் அவளுக்கு உடம்பு நடுங்குகிறது. உன் மாமா, அவள் கூடப் பிறந்தவர், குயிலாப்பாளையத்திலிருந்து பலாப்பழத்தோடு வந்து நின்றார். "யாரோ வீட்டுக்குள்ள வர்றான்" என்று கத்தித் தெருவையே கூட்டிவிட்டாள். "நான் உன் தம்பி அக்கா" என்று அவர் சொல்லச் சொல்லக் கத்தல்தான் கூடியது. தெரியாத ஆள் ஒருவன் சொந்தம் கொண்டாடினால் பயப்படத்தானே செய்வாள்? மனிதர் பழத்தைப் படியிலேயே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். சாதிக் ஒருவரைத்தான் உள்ளே விடுகிறாள். மாதம் ஒரு தடவை வருகிறார், ஒயரைப் பார்க்கிறார், தூசி துடைக்கிறார். அவருக்கு மோர் கொடுக்கச் சொல்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைங்க எத்தனை, ஊர் எது என்று விசாரிக்கிறாள்.

ஆகவே நீ வரும்போது மகன் என்று சொல்லாதே. பெரியவன் வந்திருக்கிறேன் என்றும் சொல்லாதே. பெட்டி படுக்கையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, கையில் ஒரு ஒயரோடு வந்து வாசலில் நில். கம்ப்யூட்டர் பார்க்க வந்திருக்கேன் என்று சொல்லு, கதவைத் திறப்பாள். அந்த முதல் திரைக்குப் பின்னால் குனிந்து ஏதாவது செய்துகொண்டிரு, அவசரப்படாதே. அவளே வந்து பக்கத்தில் உட்காருவாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், யாரைப் பார்த்தாலும் அதைக் கேட்கிறாள். அப்போது மறக்காமல் பதில் சொல்லு. அம்மா என்று நீ கூப்பிடலாம். சாதிக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறார், அவள் ஒன்றும் சொல்வதில்லை.

அப்பா